தரையில் வரைந்த அறை

வயதானவர்களுக்குக் கப்பலில் அறை பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது கட்டிலின் உயரம். ஜன்னலில் கடல் தெரியுமா என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். கடல் எங்கே போய்விடப் போகிறது, மேல்தளத்துக்குப் போனால் நாலு பக்கமும் அதுதான். ஆனால் கட்டில் உயரமாக இருந்தால் இறங்கும்போது கால் தரையைத் தேடும், தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கும்போது கை எதையாவது தேடும். அதனால் நான் அவர்கள் வீட்டுக்கே போய், தினமும் படுக்கிற கட்டிலை அளந்துகொண்டு வருவேன். உட்கார வைத்து, பாதம் தரையில் முழுசாகப் பதிகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

இதையெல்லாம் இவள் எதற்குச் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எனக்கு முதல் என்றால் இதுதான்.

அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில் இருக்க வேண்டும். அங்கேதான் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டும், ஆனால் ஒட்டி வேண்டாம், கதவு திறந்து மூடுகிற சத்தத்தில் தூக்கம் போய்விடும். தீவுகளிலும் பார்க்க வேண்டியது நிறைய உண்டு. சில தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்கும், இறங்கி நடந்து போகலாம். சில தீவுகளில் கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும், சின்னப் படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். படகு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், காலை எடுத்து வைக்கிற நொடி தெரிந்திருக்க வேண்டும். பெரிய பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. தென்னை மரத்தையும் வெள்ளை மணலையும் படத்தில் காட்டிக் கூட்டிக்கொண்டு போய், பாதியில் அம்போ என்று விட்டுவிடுவார்கள். என் பயணிகள் யாருக்கும் ஒரு சுளுக்குகூடப் பிடித்ததில்லை. இப்போதும் எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

என்னிடம் ஒரு முறை உண்டு, வேறு எங்கேயும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் அலுவலகம் ஒரு தையல்கடைக்கு மேலே, மாடியில். கூடத்தில் மேசை நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு, கப்பல் அறையை அதே அளவில் தரையில் சாக்பீஸால் வரைவேன். கட்டில் வரும் இடத்தில் கட்டில் போட்டு, குளியலறைக்கு ஒரு திரை கட்டி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் அதற்குள் உட்கார வைத்துவிடுவேன். மதியச் சாப்பாட்டில் இருந்து மாலைத் தேநீர் வரைக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் சிரிப்பார்கள். சிரிப்பு கொஞ்ச நேரம்தான். வீட்டில் அவர் முன்னறையில் செய்தித்தாளோடும் அந்த அம்மா சமையலறையிலும் என்று காலத்தை ஓட்டியிருப்பார்கள், இங்கே முகத்துக்கு முகம். அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் அந்த அம்மா காதில் அன்றைக்குத்தான் விழும். ஒரு தம்பதி தேநீர் வருவதற்குள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு எதிரெதிராக இரண்டு அறை போட்டுக் கொடுத்தேன். போய்வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

சின்ன அறையில் மனிதனின் சுபாவத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. நான் என் மேசையில் வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கூடத்தின் அந்தக் கோடியில் ஒத்திகைப் படி ஒன்று வைத்திருந்தேன். படகில் ஏறிப் பழகுவதற்கு. மரத்தில் செய்து, கைப்பிடிக்கு இரும்புக் குழாய் பொருத்தியது. அடியில் பழைய டயர்கள் இருப்பதால் ஏறினால் ஆடும். அதில் தலைசுற்றல், தடுமாற்றம் என்று எதைப் பார்த்தாலும் அந்த ஆளுக்குப் பயணம் இல்லை. அழுதாலும் இல்லை, சிபாரிசோடு வந்தாலும் இல்லை. ஒருவரைப் பாவம் பார்த்து விட்டால், நடுக்கடலில் மொத்தக் கூட்டமும் அவரைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். ரொம்பக் கறார் என்று எனக்குப் பெயர். என் அக்காவுக்கும் அது தெரியும்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளுக்குக் குழந்தை இல்லை. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்னறையில்தான் நான் படித்து, வேலைக்குப் போய், ஆளானேன், பிறகுதான் தனி வீடு பார்த்துக்கொண்டேன். அத்தான் தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் இருந்து வார்த்தையைப் பிடுங்கத்தான் வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் ஒழுகுகிற குழாய் இருக்கிறதா என்று தேடுவார், இருந்தால் முகம் மலர்ந்துவிடும். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரே அறையில் இருந்து பார்த்ததில்லை.

ஒருநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்திருந்தபோது மேசையில் கிடந்த ஒரு படத்தைக் கையில் எடுத்தாள். ஒரு தீவின் ஓரக்கடல். சுற்றிலும் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும்.

"இதுல நின்னா என் காலு எனக்கே தெரியுமாடி?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்து அக்கா தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன் என்று பிறகு அவளே சொன்னாள். நான் அதை நம்பவில்லை. அக்காவை அந்தத் தண்ணீரில் நிற்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஊர்ப்பட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியாயிற்று, சொந்த அக்காவுக்குக் காட்டவில்லை என்றால் நான் என்ன பிறவி.

முதல் தடவை எல்லாம் தயாரான பிறகு அத்தான் தனக்கு முழங்கால் வலி என்றார். அதே வாரம் அந்த மனுஷன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று வேலை பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் தடவை கூரையைச் சரிசெய்ய ஆள் வருகிறார்கள் என்றார். மூன்றாம் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை, "இப்ப வேண்டாம் பாப்பா" என்றார். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன், அக்கா தரையைப் பார்த்தாள். என் தொழிலில் இந்த வகை நிறையப் பார்த்தாயிற்று. அம்மாவிடம் கேள்வி கேட்டால் ஐயா பதில் சொல்லுவார்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. வீட்டுக்குள் நடக்கும்போதுகூட அவர் அக்காவின் மேல்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அவள் குளிக்கப் போனால் வாசலில் நின்றார், தாழ்ப்பாள் போடக் கூடாது என்றார். தெருமுனைக் கடைக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பவில்லை. அக்காவின் கையில் நீலமாகத் தடங்கள் இருந்தன. என்ன இது என்று கேட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தொட்டாலே கன்றிப்போகிறது என்றாள். யாரோ சொல்லிக்கொடுத்துப் படிக்க வைத்த மாதிரி இருந்தது. நான் எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள எனக்கென்று ஒரு வழி இருந்தது.

இரண்டு பேரையும் விடாப்பிடியாக அலுவலகத்துக்கு வரவழைத்து, தரையில் அறையை வரைந்து உட்கார வைத்தேன். அத்தான் தன் கட்டிலில் உட்காரவே இல்லை, அவள் கட்டிலிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா திரைப்பக்கம் போக எழுந்தாள். அவர் வெடுக்கென்று அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். விரல் சதைக்குள் புதைந்ததை நான் பார்த்தேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், உதடு நடுங்கியது. அவர் அவள் காதுக்குள் என்னமோ சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "போதும் பாப்பா, நாங்க கிளம்பறோம்" என்றார். ஒத்திகைப் படி பக்கமே வரவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பயந்த பிள்ளை மாதிரி அவரோடு போனாள்.

உங்களுக்குச் சாட்சி வேண்டும், ரிப்போர்ட் வேண்டும். எனக்கு என் கண் போதும். எத்தனையோ தம்பதிகளை அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்த கண் இது.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அக்கா வாயைத் திறந்திருக்க மாட்டாள். பிரித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் வாசலில் வந்து பரிதாபமாக நின்றால் அவள் திரும்பிப் போய்விடுவாள். எல்லா வழியையும் யோசித்துப் பார்த்து, பயணத்துக்கு எது தடையோ அதை எடுத்துவிடுவது என்றுதான் வந்து சேர்ந்தேன். அலுவலகத்தின் பின்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு, செங்குத்தாக இறங்கும். என் பயணிகளை அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கக்கூட விடுவதில்லை, லிஃப்டில்தான் வருவார்கள். அந்தப் படிக்கட்டின் மேல்முனையில் ஒரு குழாய் ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு அது போதும்.

ஆனால் நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அவரே தொலைபேசியில் பேசினார், அக்கா இல்லாமல் தனியாக வந்து ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். காலையில் வாருங்கள் அத்தான் என்றேன்.

வந்ததும் வராததுமாக அவர் கண் ஒத்திகைப் படிமேல் போய்விட்டது. கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். "இது ஆடுது பாரு பாப்பா. வயசானவங்க பிடிச்சா கையோட வந்துடும்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். கைப்பிடிக் குழாயைக் கழற்றி, "கொஞ்சம் பிடி" என்று என்னிடம் நீட்டினார். கனமாக, பிடிக்க வாகாக இருந்தது. நான் படிக்கட்டில் தள்ளிவிடுவதாகத்தான் நினைத்திருந்தேன். குழாய் என் கைக்கு வந்தது அவர் கொடுத்துத்தான், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் குனிந்தபடியே பேசினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா உனக்குத் தெரியணும் பாப்பா, இல்லன்னா..."

இந்தப் பேச்சும் எனக்குப் புதிதில்லை. கைநீட்டுகிற ஆண்கள் எல்லோரிடமும் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும், அதில் தப்பெல்லாம் பெண்டாட்டி மேல்தான் இருக்கும். நான் அவர் பிடரியில் அடித்தேன்.

சத்தம் நான் பயந்த அளவுக்கு இல்லை. கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் முன்னால் சரிந்து படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், படி ஆடியது. திரும்பி என்னைப் பார்த்தார். குழாய் என் கையில் இருந்து தவறி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. "பரவால்ல, பரவால்ல" என்றார். அடுத்த அடி நெற்றிக்கு மேலே விழுந்தது. எலும்பு உள்ளே இறங்கியது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. காதில் இருந்து ரத்தம் வந்து சட்டைக் காலருக்குள் போனது. அவர் கையை உயர்த்தினார். தடுக்கிறார் என்று நினைத்து அந்தக் கையையும் அடித்தேன், விரல்கள் பின்பக்கமாக மடிந்துவிட்டன. எழுந்திருக்க எதையாவது பிடிக்கத்தான் பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் தோன்றியது. அப்புறம் இன்னும் சில அடிகள். நான் கோபமாக இல்லை. பாதியில் விட்டால் அவருக்குத்தான் கஷ்டம்.

காலைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். மெலிந்த ஆள்தான், ஆனாலும் மூச்சு வாங்கியது. "அக்காகிட்ட சொல்லாத" என்று முனகினார். அந்த நிலைமையிலும் உத்தரவு போடுகிற புத்தி போகவில்லை. மேல்முனையில் உட்கார வைத்துத் தள்ளினேன். தலை ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு போனது. ஸ்பேனரை அவர் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும், அது எனக்கு அப்போது தோன்றவில்லை. என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, இரும்புக் குழாயையும் தரையையும் துடைத்தேன். கோடுகளும் சேர்ந்து அழிந்தன.

கீழே போய்ப் பார்த்தால் மூச்சு இருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஓடி வாருங்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டே அவர் வாயையும் மூக்கையும் பொத்தினேன். அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அவருடைய பல் பட்டது, ஏதோ சொல்ல வருகிறவர்போல நாக்கு அசைந்தது. தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒழுகுகிற குழாயைப் பார்க்கப் போய் அத்தான் விழுந்துவிட்டார் என்றேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், அவரைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அக்கா வாய்விட்டு அழவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன், கட்டிலைவிட்டு இறங்கவே விடவில்லை. கடல் அடங்குகிற பருவம் வந்ததும் ஒரு பெரியவர்கள் குழுவோடு சேர்த்துப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், லிஃப்டில் இருந்து நாலு கதவு தள்ளி, அவள் கட்டிலின் அதே உயரம். ஒத்திகைப் படியில் மட்டும் ஏற்றவில்லை. கூடவே நான் இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். இந்தத் தொழிலில் நான் விட்ட ஒரே ஒத்திகை அதுதான்.

கப்பலில் அவள் நடந்துகொண்ட விதம் எனக்கு வருத்தம்தான், சொல்வதற்கு என்ன. மற்றவர்கள் எல்லாம் குழந்தைகளாகிவிட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தொப்பியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை எல்லாம் படம் எடுத்தார். அக்கா கட்டிலிலேயே படுத்துக்கிடந்தாள். தேநீர் வந்தால் இரண்டு கோப்பையில் ஊற்றி ஒன்றைத் தள்ளி வைத்தாள். நான் உட்கார்ந்திருக்கிறேன் பக்கத்தில், அந்தக் கோப்பை எனக்கு இல்லை. இவ்வளவு செய்தும் அந்த மனுஷன்தான் அறையில் இருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் வற்புறுத்தி மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடல் அமைதியாகத்தான் இருந்தது. அக்கா ஓரக் கைப்பிடிக் கம்பியைவிட்டு இரண்டு எட்டு நடந்தாள். திடீரென்று முகம் வெளுத்து, கண் மூடி, உதடு நடுங்கி, வேரோடு சாய்வதுபோலச் சாய்ந்தாள். நான் பாய்ந்து அவள் மேல்கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு நொடி தவறியிருந்தால் மண்டை உடைந்திருக்கும்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா இப்படிப் பிடிச்சது?" என்று கேட்டார். நாலு விரல், ஒரு கட்டைவிரல், நீலமாக. அதே கை, அதே இடம். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே இருந்தேன். என் விரல்களை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது, வைக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தத் தீவு. படகில் அக்காவை நானே தூக்காத குறையாக ஏற்றி இறக்கினேன். தண்ணீர் படத்தில் இருந்ததைவிடத் தெளிவு. குழுவினர் கரையில் நிழல் தேடிப் போய்விட்டார்கள். அக்காவின் கையைப் பிடித்து இடுப்பளவு ஆழத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். "குனிஞ்சு பாரு, உன் காலு தெரியுதா" என்றேன். பார்த்தாள். நகங்கள்கூடத் தெரிந்தன. சிரித்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

தனக்கு மூன்று வருடமாகத் தலைசுற்றல் என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் வரும், வந்தால் அடியற்று விழுவாள். எனக்குத் தெரிந்தால் பயணம் இல்லை என்று சொல்லிவிடுவேன், சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து அழுவேன், அத்தனை ஆசையாக ஏற்பாடு செய்கிறேன், என் மனசு உடையக் கூடாது என்று மறைத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் குணமாகிவிடும், அப்புறம் போகலாம் என்று இருந்தாளாம். அதுவரைக்கும் பழி தன்மேல் இருக்கட்டும் என்று அத்தான் ஏற்றுக்கொண்டாராம். எல்லாவற்றையும் நிதானமாக, எனக்கு வலிக்கக் கூடாது என்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் வந்தார். சொன்னாரா?"

சொல்லவில்லை என்றேன்.

"உன் படியோட கைப்பிடி ஆடுதுன்னு அதுக்கு முன்னால வந்தப்பவே பாத்துவெச்சிருந்தார். அதை முதல்ல சரி பண்ணணும்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினார். எப்பவும் இருக்கற ஸ்பேனர் அவர் பையில இல்ல. உன் மேசைக்குள்ள இருந்துச்சு, கப்பலுக்குக் கிளம்பற அன்னைக்கு நான் பாத்தேன். அவர் உன் முன்னாலதான் உக்காந்து வேலை பாத்திருக்கார். அப்புறம் எப்படிடி அங்க போய் விழுந்தார்?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. கையையும் என் கையில் இருந்து எடுக்கவில்லை, எடுத்தால் விழுந்துவிடுவாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அவள் ஊர் திரும்ப வேண்டும், என்னோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும், காலையில் எழுந்து என் முகத்தில் விழிக்க வேண்டும். மிச்சமிருக்கிற நாளெல்லாம் பாழ். இப்போதோ அவள் கேட்ட தண்ணீரில், கேட்ட மாதிரியே, கால் தெரிய நின்றுகொண்டிருந்தாள். பயணம் ஏற்பாடு செய்கிறவளாகப் பார்த்தால் இதைவிட நல்ல இடத்தில் முடிக்க முடியாது.

கையை விட்டேன். தடுமாறினாள். பிடரியைப் பிடித்து அமுக்கினேன். வயதானவர்களுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்கே தெரியாது, ஐயா. முழங்காலை அவள் முதுகில் ஊன்ற வேண்டியிருந்தது. ஒருதடவை தலை வெளியே வந்துவிட்டது, இருமிக்கொண்டே என் பெயரைச் சொன்னாள், முடியைப் பிடித்துத் திரும்ப அமுக்கினேன். என் தொடையைப் பிறாண்டினாள், இதோ தடம் இருக்கிறது, நகம் ஒன்று உள்ளேயே ஒடிந்துவிட்டது என்று டாக்டர் எடுத்துக் காட்டினார். மணல் கலங்கித் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. கரையில் தபால்காரர் நாங்கள் நீச்சல் பழகுகிறோம் என்று நினைத்துக் கையை ஆட்டினார், படம்கூட எடுத்தார். நானும் ஒரு கையால் பதிலுக்கு ஆட்டினேன். நர்ஸம்மாதான் உடுப்போடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். அவர் வந்து சேரும்போது அக்காவின் முதுகு என் முழங்காலுக்குக் கீழே அடங்கியிருந்தது. என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவளைப் புரட்டினார். வாயெல்லாம் மணல்.

ஆமாம், இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஏன் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் என்னிடம் இல்லை, அவர்களிடம்தான் இருந்தது. நான் செய்த ஏற்பாட்டில் எங்கேயும் ஓட்டை இல்லை, நீங்கள் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கிடைக்காது. மறைத்தது அவர்கள். கட்டின பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கூடப்பிறந்தவளிடம் வந்து சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன தயக்கம். அக்காவாவது பயந்த சுபாவம், அவருக்கு என்ன. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள். யார் என்ன சொல்ல வந்தாலும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்கிறவள் நான்.